கேஸ் நடக்கிற வீடு

அடைக்கலம் கேட்டுப் போட்ட மனு ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டே போனால், அந்தப் பாரம் மனுப் போட்டவரின் தலையோடு நிற்பதில்லை. கடலுக்கு இந்தப் பக்கம் இருக்கும் அம்மா, அக்கா, அக்காவின் பிள்ளைகள் என்று ஒரு குடும்பமே அந்தக் கேஸுக்குள் குடியிருக்கிறது. வழக்கு எண் ஒருவர் பெயரில் இருக்கும். தூக்கம் கெடுவது எல்லோருக்கும்தான். சேலம் மாவட்டத்தில் இலங்கைத் தமிழ் அகதிகள் இருக்கும் எங்கள் முகாமில் இப்படி வீடுகள் உண்டு. பக்கத்து முகாம்களிலும் உண்டு. 2012, 2013-ல் ஆஸ்திரேலியாவுக்குப் படகேறிப் போன பையன்களின் வீடுகள். அந்த வீட்டுப் பெண்கள் ரேஷன் கடை வரிசையிலும் பஸ்ஸிலும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "உங்கள் தம்பிக்கு ஏதாவது முடிவு வந்ததா?" அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அப்படிப் படகேறிப் போன என் தம்பிக்கு முடிவு வரவில்லை. அதாவது, இரண்டு முறை 'இல்லை' என்று வந்து, இப்போது நீதிமன்றத்தில் நிற்கிறது. எந்த நாள் விசாரணை என்று இன்னும் சொல்லவில்லை.

நாங்கள் மன்னார் மாவட்டம், மாந்தைப் பக்கம். 1990 ஜூனில் மறுபடி சண்டை மூண்டபோது பேசாலைக் கரையிலிருந்து படகில் இராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் பதிவு போட்டு, அங்கிருந்து சேலம் மாவட்டத்துக்கு அனுப்பப்பட்டோம். சேலத்தில் பவளத்தானூர், நாகியம்பட்டி என்று பல முகாம்கள். எங்களுடையதும் அவற்றைப் போன்ற ஒன்று. எனக்கு அப்போது ஏழு வயது. தம்பி அதற்கடுத்த ஆண்டு சேலம் அரசு மருத்துவமனையில் பிறந்தான். அவன் பார்த்த மலை சேர்வராயன் மலை. கும்பிட்ட சாமி கோட்டை மாரியம்மன். பள்ளிக்கூடம் விட்ட பிறகு பெயிண்ட் வேலைக்குப் போய், ஏற்காட்டில் விடுதிகளுக்குச் சுண்ணாம்பும் பெயிண்டும் அடித்துச் சம்பாதித்தான். இலங்கை மண்ணை அவன் ஒரு நாளும் மிதித்ததில்லை.

ஆனால் இந்தியச் சட்டம் அவனை இந்தியன் என்று சொல்லாது. இந்த மண்ணில் பிறந்ததாலேயே குடியுரிமை என்பது 1987 ஜூலை 1-க்கு முன் பிறந்தவர்களோடு முடிந்துவிட்டது. அதற்குப் பின் பிறந்தவர்களுக்குத் தாயோ தந்தையோ இந்தியராக இருந்திருக்க வேண்டும். மண்டபம் முகாமில் 1986-ல் பிறந்த ஒரு பெண் இந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு உயர் நீதிமன்றம் போய், கடவுச்சீட்டு வாங்கி, 2024 மக்களவைத் தேர்தலில் வாக்கும் போட்டார். அன்று எங்கள் முகாமில் அந்தச் செய்தியைப் படிக்காத வீடு இல்லை. தம்பி 1991. அவனுக்கு அந்தக் கதவு திறக்காது.

மெல்போர்னில் நேர்காணல் எடுத்த அதிகாரிக்கும் இது பெரிய சிக்கலாக இருந்தது. பயம் எந்த நாட்டைப் பற்றி என்று சொல்ல வேண்டும். சட்டப்படி அவன் தேசம் இலங்கை. ஆகவே இலங்கைக்குத் திருப்பி அனுப்பினால் என்ன நடக்கும் என்பதுதான் கேள்வி. அங்கே வாழாதவனுக்கு அங்கே என்ன பகை என்று கேட்டிருக்கிறார்கள். சித்தப்பா 1990-ல் ராணுவம் பிடித்துப்போய் திரும்பாதது, அப்பாவைத் தேடி வந்தது, திரும்பிப் போனவர்களை விமான நிலையத்தில் உட்கார வைத்து விசாரிப்பது, இதையெல்லாம் அவன் அப்பா சொல்லக் கேட்டவன், கண்ணால் கண்டவனில்லை. பிறர் சொல்லக் கேட்ட பயத்தை மொழிபெயர்ப்பாளர் வழியாக ஓர் அறையில் உட்கார்ந்து விளக்குவது எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள். அதையும் படகிலிருந்து இறங்கி ஆண்டுகள் போன பிறகு.

ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்பவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. இது அவன் சோம்பலால் வந்தது என்று உறவினர்களே நினைக்கிறார்கள். ஒழுங்கான வக்கீல் பிடிக்கவில்லை, இங்கிலீஷ் சரியில்லை என்கிறார்கள். நடந்தது வேறு. 2012 ஆகஸ்ட் 13-க்குப் பின் படகில் வந்தவர்கள், அமைச்சர் அனுமதித்தால் ஒழிய, அடைக்கல விண்ணப்பமே போட முடியாது என்று தடை வைத்தார்கள். 2013 ஜூலை 19-ல் இனிமேல் படகில் வருபவர் எவரும் ஆஸ்திரேலியாவில் குடியேற முடியாது, பப்புவா நியூ கினிக்கு அனுப்பப்படுவார் என்று அறிவித்தார்கள். தம்பி அந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில் போய்ச் சேர்ந்தவன். கிறிஸ்துமஸ் தீவில் தடுப்பு முகாம், பிறகு மெல்போர்னில் பிரிட்ஜிங் விசா, அதாவது முடிவு வரும்வரை தங்க விடும் இடைக்கால விசா. அந்த முதல் விசாவில் வேலை செய்ய அனுமதி கிடையாது. இருபத்திரண்டு வயதுப் பையன், கை நிறைய வலு இருந்தும், வேலைக்குப் போனால் குற்றம். 2014 டிசம்பரில் ஒரு சட்டம் வந்தது. அகதி என்று ஒப்புக்கொண்டாலும் மூன்று ஆண்டு அல்லது ஐந்து ஆண்டுத் தற்காலிக விசாதான் என்றது. அதற்கும் பிறகுதான் இவர்களுக்கு ஒவ்வொருவராக விண்ணப்பிக்கச் சொல்லிக் கடிதம் வந்தது. ஆண்டுக்கணக்கில் வாயை மூடி வைத்துவிட்டு, 2017 மே மாதம் திடீரென்று, அக்டோபர் 1-க்குள் விண்ணப்பிக்காதவர்களுக்கு உதவியும் இல்லை, விசாவும் இல்லை என்று கெடு வைத்தார்கள். இலவச வக்கீல் உதவியை அதற்கு முன்பே வெட்டியிருந்தார்கள். தம்பி தன்னார்வ வக்கீல்களின் வரிசையில் நின்று, கெடுவுக்கு முன் போட்டுவிட்டான்.

இந்த மனுக்களைப் பார்க்கும் முறைக்கு அவர்கள் வைத்த பெயர் 'விரைவுப் பாதை'. அதில் நிராகரிக்கப்பட்டால் 2015-ல் உண்டாக்கிய ஒரு மறுஆய்வு ஆணையத்துக்குப் போகும். அங்கே பெரும்பாலும் ஆளை நேரில் கூப்பிட மாட்டார்கள். காகிதத்தைப் பார்த்தே முடிவு செய்வார்கள். புதிய ஆதாரம் கொடுப்பதற்கும் தனியாகக் காரணம் சொல்ல வேண்டும். அங்கேயும் இல்லை என்றால் 35 நாளுக்குள் நீதிமன்றம். நீதிமன்றத்தால் அவனை அகதி என்று சொல்ல முடியாது. முடிவெடுத்ததில் சட்டப் பிழை உண்டா என்று மட்டும்தான் பார்க்கும். பிழை இருந்தால் மறுபடி பார்க்கச் சொல்லித் திருப்பி அனுப்பும். அப்படியென்றால் ஜெயித்தாலும் திரும்பவும் வரிசை. இந்த முறை நியாயமற்றது என்று சொன்ன கட்சியே 2022-ல் ஆட்சிக்கு வந்து, அந்த ஆணையத்தை 2024 அக்டோபரில் கலைத்தும் விட்டது. ஆனால் அந்த ஆணையம் எழுதிய 'இல்லை'கள் அப்படியே நிற்கின்றன. இதுதான் என் நெஞ்சில் குத்துகிறது. தராசு பழுது என்று ஒப்புக்கொண்டு தூக்கிப் போட்டபின், அதில் போட்ட எடையை மட்டும் எப்படிச் சரி என்று வைத்துக்கொள்வது?

2023 பிப்ரவரி 13-ல், தற்காலிக விசா வைத்திருந்த ஏறத்தாழ 19,000 பேருக்கு நிரந்தர விசா கொடுக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. தம்பியோடு ஒரே படகில் போன நண்பன் அதில் வந்துவிட்டான். மனைவி பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொள்ள மனுப் போட்டிருக்கிறான். ஒரே படகு, ஒரே முகாம், ஏறக்குறைய ஒரே கதை. நேர்காணல் எடுத்த அதிகாரி வேறு. அந்த வாரம் தம்பி போனை எடுக்கவில்லை. நண்பனுக்குக் கிடைத்ததில் அவனுக்குச் சந்தோஷம் உண்டு. அதைச் சொல்லவும் செய்தான். ஆனால் அன்றிலிருந்து அவன் குரல் மாறியது.

இனி, எப்படித் தாங்கிக்கொள்வது என்ற விஷயத்துக்கு வருகிறேன்.

என் அப்பாவிடமிருந்து தொடங்க வேண்டும். 1990-ல் வந்தபோது மூன்று மாதத்தில் ஊருக்குத் திரும்பிவிடுவோம் என்று அப்பா நம்பினார். அந்த நம்பிக்கையில் பீரோ வாங்க மறுத்தார். அம்மா கேட்கும்போதெல்லாம் "படகில் ஏற்ற முடியாத சாமான் எதற்கு?" என்பார். எங்கள் துணிமணி, பத்திரம், பள்ளிச் சான்றிதழ் எல்லாம் இரண்டு தகரப் பெட்டிகளில் இருந்தன. நான் வளர்ந்து, கல்யாணமாகி, என் மகன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகும் அந்தப் பெட்டிகளைக் கட்டிலுக்கடியிலிருந்து இழுத்துத்தான் பள்ளிச் சீருடை எடுத்தோம். அப்பா இறந்தது 2019 கடைசியில். கடைசி வரை பீரோ வரவில்லை. அவரை நான் குறை சொல்லமாட்டேன். திரும்பிப் போவேன் என்ற நினைப்புதான் அவரை நிமிர்ந்து நடக்க வைத்தது. ஆனால் அந்த நினைப்பின் விலையை அம்மாதான் தினமும் கொடுத்தாள், குனிந்து பெட்டியை இழுத்து.

மெல்போர்னில் தம்பியும் அதையே செய்தான். தரையில் மெத்தை, கட்டில் வாங்கவில்லை. "முடிவு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் அக்கா" என்பான். வாகன உரிமம், வகுப்பு, பல் வைத்தியம், எல்லாவற்றுக்கும் அதே பதில். அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு அப்பாவின் குரல் கேட்டது. அப்போதுதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. கேஸின் தேதி நம் கையில் இல்லை. ஆனால் கேஸ் இல்லாத மற்ற காரியங்களின் தேதிகளை நாம் வலியப் போய் அந்த அலுவலகத்தின் கையில் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். அதைத் திரும்ப வாங்கலாம். கட்டிலுக்கு விசா வேண்டியதில்லை.

சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுவதற்கான உரிமம் வாங்கச் சொல்லி அவனை நச்சரித்தேன். பிரிட்ஜிங் விசாவில் வேலை அனுமதி வந்த பிறகு மெல்போர்னின் டாண்டினாங் பக்கம் ஒரு காய்கறிக் கிடங்கில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தான், முதுகுவலி. வகுப்புக்குப் பணம் கட்டுவதற்கே அவனுக்கு மனம் வரவில்லை. நாளை திருப்பி அனுப்பிவிட்டால் இந்தப் பணம் வீண் என்றான். திருப்பி அனுப்பினால் ஃபோர்க்லிஃப்ட் கொழும்புத் துறைமுகத்திலும் உண்டு, தூத்துக்குடித் துறைமுகத்திலும் உண்டு என்றேன். சிரித்தான். கட்டினான். இப்போது பெட்டி தூக்குவதில்லை. அந்த உரிமத்தில் அவன் படம், பெயர், ஒரு முடிவுத் தேதி. அந்த நாட்டில் அவன் தன் முயற்சியில் வாங்கிய முதல் அட்டை அது என்பதால் போனில் முன்னும் பின்னும் திருப்பிக் காட்டினான். அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

எனக்கும் இதே வைத்தியம்தான் உதவியது. நான் வெள்ளிக் கொலுசுப் பட்டறையிலிருந்து கண்ணி கோர்க்கும் வேலை வாங்கி வந்து வீட்டில் செய்கிறேன். சேலத்தில் ஆயிரக்கணக்கான வீடுகளில் நடக்கும் வேலை. வெள்ளியை எடை போட்டுத் தருவார்கள்; கோர்த்து முடித்து எடை போட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சிந்தியது, தேய்ந்தது எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு என்பதால் மடியில் வெள்ளைத் துணி விரித்துத்தான் உட்காருவோம். ஒவ்வொரு வளையமும் நெல்மணியில் பாதிகூட இருக்காது. இடுக்கியால் வாயைத் திறந்து, அடுத்த வளையத்தை மாட்டி, மூட வேண்டும். கவனம் சிதறினால் வாய் சரியாக மூடாது, பற்றவைக்கும்போது காட்டிக்கொடுத்துவிடும். தம்பிக்கு நிராகரிப்பு வந்த வாரமும் சனிக்கிழமை மாலைக்குள் சரக்கு போக வேண்டும். போனது. அழுதுகொண்டே செய்தாலும் வெள்ளி எடை குறையக் கூடாது. அந்தச் சனிக்கிழமை இல்லாவிட்டால் நான் படுத்திருப்பேன்.

இரண்டாவது, போன் பேச்சு. இதை ஒவ்வொரு வீட்டுக்கும் வலியுறுத்திச் சொல்கிறேன். அங்கே இருப்பவரிடம் தினமும் "ஏதாவது தகவல் வந்ததா?" என்று கேட்காதீர்கள். அன்பாகத்தான் கேட்கிறோம். கேட்கப்படுபவருக்கு அது தினமும் போடும் ஆஜர். தகவல் வந்தால் அவன் சொல்லாமல் இருப்பானா? எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் கேஸ் பேச்சு என்று வைத்துக்கொண்டோம். மெல்போர்ன் நம்மைவிட நாலரை மணி நேரம் முன்னால். அவர்கள் கோடையில் ஐந்தரை. அவன் மத்தியானம் சாப்பிட்டு முடிக்கும்போது இங்கே காலை இட்லி வேகும் நேரம். முதலில் கேஸ், கால் மணி நேரம். வக்கீல் என்ன சொன்னார், எந்தக் காகிதம் வேண்டும், எதை நான் இங்கிருந்து அனுப்ப வேண்டும். அதோடு சரி. மற்ற நாள் பேச்சில் குழம்பு, கிரிக்கெட், மருமகனின் கணக்குப் பாடம், ஆடித் திருவிழாவுக்கு யார் யார் பொங்கல் வைத்தார்கள். அம்மாவுக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவே இல்லை. "பெற்றவள் கேட்கக் கூடாதா பிள்ளை?" என்று என்னிடம் கோபித்துக்கொண்டாள். கொஞ்ச நாளில் தம்பி தானாகவே அதிகமாகக் கூப்பிடத் தொடங்கியதும் ஒப்புக்கொண்டாள்.

காகிதம் மூன்றாவது. இது அலுப்பான பகுதி. ஆனால் இதில்தான் கேஸ்கள் விழுகின்றன. வீடு மாறினால் உடனே விசா பார்க்கும் உள்துறைக்கும் நீதிமன்றத்துக்கும் வக்கீலுக்கும் புது முகவரி போய்விட வேண்டும். கடிதம் பழைய வீட்டுக்குப் போனாலும் கெடு ஓட ஆரம்பித்துவிடும். 35 நாள் என்பது கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். பிரிட்ஜிங் விசா முடியும் தேதியை இங்கே நம் வீட்டு நாட்காட்டியிலும் குறித்து வையுங்கள். அது முடிந்தால் வேலை அனுமதியும் போகும், மருத்துவ அட்டையும் போகும். துறையிடம் தன்னைப் பற்றி இருக்கும் கோப்பைத் தகவல் சுதந்திரச் சட்டப்படி கேட்டு வாங்கலாம். நேர்காணலின் ஒலிப்பதிவையும் கேட்டு வாங்கலாம். தம்பியின் ஒலிப்பதிவை ஒரு தமிழ் தெரிந்த வக்கீல் உதவியாளர் கேட்டபோதுதான், 'பெரியப்பா' 'சித்தப்பா' இரண்டுமே மொழிபெயர்ப்பில் ஒரே சொல்லாகப் போயிருப்பது தெரிந்தது. அதிகாரி அதை முரண்பாடு என்று எழுதியிருந்தார். ஒரே ஆளைப் பற்றி இரண்டு விதமாகச் சொல்கிறான் என்று! இப்போது நீதிமன்றத்தில் வைத்திருக்கும் வாதங்களில் அதுவும் ஒன்று.

இங்கிருந்து நாம் அனுப்ப வேண்டியவை: மண்டபத்தில் போட்ட முதல் பதிவின் நகல், முகாம் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ். தமிழில் இருக்கும் எதையும் அங்கே அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்துத்தான் சேர்க்க வேண்டும். அசலை ஒருபோதும் தபாலில் அனுப்பாதீர்கள். முகாம்களில் பிறந்த பிள்ளைகளுக்குப் பிறப்புப் பதிவு, சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் குடியுரிமைப் பதிவு ஆகியவற்றில் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் நீண்ட காலமாக உதவி வந்திருக்கிறது. ஆனால் அடைக்கலக் கேஸ் நடக்கும்போது தூதரகத்தில் எதையாவது பதிவு செய்யும் முன், அங்கே இருக்கும் வக்கீலைக் கேட்காமல் ஓர் அடி வைக்காதீர்கள்.

பணம் வாங்கிக்கொண்டு 'உள்ளே ஆள் இருக்கிறது, சீக்கிரம் முடித்துத் தருகிறேன்' என்பவர்களைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. அப்படி எவராலும் முடியாது. மெல்போர்னில் இருப்பவர்கள் அடைக்கலம் கோருவோர் வள மையத்துக்கும், 'ரெஃப்யூஜி லீகல்' என்ற இலவசச் சட்ட உதவி அமைப்புக்கும் போகட்டும். காத்திருக்க வேண்டியிருக்கும். அந்தக் காத்திருப்பு வீண் போகாது.

படகைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2014 ஜூனில் புதுச்சேரியிலிருந்து கிளம்பிய படகில் 157 தமிழர்கள் இருந்தார்கள், குழந்தைகளும் உண்டு. நடுக்கடலில் ஆஸ்திரேலியக் கப்பலில் வாரக்கணக்கில் அடைத்து வைத்து, கடைசியில் நவுரு தீவுக்கு அனுப்பினார்கள். அப்படி வைத்திருந்தது சட்டப்படி சரியே என்று அந்நாட்டு உயர் நீதிமன்றமும் 2015 ஜனவரியில் நாலுக்கு மூன்று என்ற கணக்கில் சொல்லிவிட்டது. இன்று யாராவது முகாமுக்குள் வந்து படகுக் கணக்குப் பேசினால் வாசலிலேயே நிறுத்திவிடுங்கள்.

இதையெல்லாம்விட முக்கியமான ஒன்றைச் சொல்லத் தயங்கிக்கொண்டிருந்தேன். 2024-ல் மெல்போர்னில் உள்துறை அலுவலகத்துக்கு வெளியே, விரைவுப் பாதையில் சிக்கியவர்கள் வாரக்கணக்கில் கூடாரம் போட்டுப் போராடினார்கள். அந்தப் போராட்டத்தில் நின்ற 23 வயது ஈழத்தமிழ் இளைஞர் ஒருவர் ஆகஸ்ட் மாதம் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். பன்னிரண்டு வயதில் படகேறிப் போனவர். அங்கேயே படித்து, அங்கேயே வளர்ந்தவர். தம்பிக்கு அவரைப் பழக்கம். அந்தச் செய்தி வந்த இரவு நான் தம்பியிடம் நேராகக் கேட்டேன்: உனக்கும் அப்படி ஒரு நினைப்பு வருகிறதா? கேட்கக் கூடாது, கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்ததாகிவிடும் என்று பலர் சொல்வார்கள். அது தவறு. கேட்டதும் அவன் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு பேசினான். அப்பா இறந்த அன்றிலிருந்து தொடங்கினான்.

அப்பா இறந்தபோது அவனால் வர முடியவில்லை. பிரிட்ஜிங் விசாவில் வெளியே போனால் திரும்ப உள்ளே வர முடியாது; துணிந்து இந்தியாவுக்கு வந்தாலும் எந்தக் கடவுச்சீட்டில் இறங்குவான்? என் மகன் போனைப் பிடித்துக்கொள்ள, தம்பி அங்கே வேலை முடிந்த உடையோடு பார்த்துக்கொண்டிருந்தான். கொள்ளி வைத்தது பெரியப்பாவின் மகன். குடம் உடைக்கும்போது சிக்னல் போய்ப் படம் நின்றுவிட்டது. அந்த நின்றுபோன படத்தையே தான் அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்ததாகவும், அதற்குப் பிறகு தூக்கம் சரியாக வந்ததே இல்லை என்றும் அன்று சொன்னான். ஐந்து ஆண்டுகள் என்னிடம் சொல்லாத விஷயம்.

மறுவாரமே 'ஃபவுண்டேஷன் ஹவுஸ்' போனான். சித்திரவதையிலும் போரிலும் அடிபட்டவர்களுக்கு மனநல உதவி செய்யும் அமைப்பு. மெல்போர்னில் 1987-லிருந்து இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் வைத்துப் பேசலாம். நள்ளிரவில் மனம் உடைந்தால் கூப்பிட, ஆஸ்திரேலியாவில் 13 11 14 என்ற உதவி எண். இங்கே இருக்கும் நமக்கு 14416, தமிழில் பேசலாம். பைத்தியத்துக்குத்தான் இதெல்லாம் என்று சொல்லும் பெரியவர்களின் பேச்சைத் தயவுசெய்து காதில் வாங்காதீர்கள். அம்மாவையும் நான் மருத்துவரிடம் கூட்டிப் போனேன். காத்திருக்கும் தாய்க்கும் நெஞ்சு படபடக்கும், பசி போகும், மாத்திரை உண்டு.

எல்லாவற்றையும் இப்படித் திரும்ப வாங்கிக்கொள்ள முடியும் என்று சொல்லமாட்டேன். கல்யாணத்துக்கு என்னிடம் பதில் இல்லை. தம்பிக்கு முப்பது தாண்டிவிட்டது. இரண்டு முகாம்களிலிருந்து பெண் பார்த்தோம். பி.ஆர்., அதாவது நிரந்தர விசா, உண்டா என்பது முதல் கேள்வி. பெண்ணைப் பெற்றவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. கட்டிவைத்தால் அவள் இங்கே, அவன் அங்கே. எத்தனை ஆண்டென்று யார் சொல்வது? ஒரு பெண்ணின் இளமையை நம் கேஸில் கொண்டுபோய் வைக்க எனக்கு மனம் வரவில்லை. அங்கேயே யாரையாவது பிடித்திருந்தால் சொல், சாதி மதம் எதுவும் பார்க்கமாட்டோம் என்று அம்மாவையே சொல்ல வைத்திருக்கிறேன்.

பிலோயலா குடும்பத்தைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். குயின்ஸ்லாந்தின் அந்தச் சிறு ஊர்க்காரர்கள், 2018-ல் விடியற்காலையில் பிடித்துப் போகப்பட்ட ஒரு தமிழ்க் குடும்பத்துக்காக விடாமல் போராடி, 2022-ல் ஊருக்குத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். நிரந்தர விசாவும் கிடைத்தது. அம்மா அந்தப் படத்தை வெட்டி வைத்திருக்கிறாள். அமைச்சர் மனது வைத்தால் நடக்கும் என்பதற்கு அது சாட்சி. ஒரு முழு ஊர் பின்னால் நின்றும் நாலு ஆண்டு ஆனது என்பதற்கும் அதுதான் சாட்சி. தனியாக ஓர் அறையில் இருக்கும் என் தம்பிக்கு எந்த ஊர் வரும்? அவனும் கிடங்கில் வேலை செய்பவர்களிடமும் தேவாலயக்காரர்களிடமும் தன் கதையைச் சொல்லத் தொடங்கியிருக்கிறான். அவர்களில் சிலர் தங்கள் தொகுதி உறுப்பினருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். நல்ல வேலை. செய்யட்டும்.

நாங்கள் இங்கே வேறொரு முடிவுக்காகவும் காத்திருக்கிறோம். இந்தியா 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை இல்லை. தமிழக அரசு 2021-ல் முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றி, பணக்கொடையைக் கூட்டி, புது வீடுகள் கட்டத் தொடங்கியது, நன்றியோடு சொல்கிறேன். 2025 செப்டம்பரில், 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குக் கடவுச்சீட்டு, விசா இல்லாததற்கான தண்டனைச் சட்டப் பிரிவுகளிலிருந்து மத்திய அரசு விலக்கு அளித்தது. அதுவும் பெரிய நிம்மதி. குடியுரிமை மட்டும் இன்னும் இல்லை. என் மகனுக்கு இப்போது பதினேழு. இந்தியாவில் வளர்ந்த என் வயிற்றில், இந்தியாவில் பிறந்தவன். அவனும் படகைப் பற்றி யோசிக்காமல் இருக்க வேண்டுமென்றால், அவன் கையில் டெல்லி ஒரு காகிதம் கொடுக்க வேண்டும்.

கான்பெராவில் இருக்கும் ஆஸ்திரேலிய அரசிடம் கேட்பது இதைவிடச் சிறியது. ஆளைப் பார்க்காமல் எழுதிய முடிவுகளை ஒதுக்கி வைத்துவிட்டு, இந்தச் சில ஆயிரம் பேரை ஒருமுறை நேரில் கூப்பிட்டுக் கேளுங்கள். இத்தனை ஆண்டு அங்கே உழைத்து வரி கட்டியவர்கள் அவர்கள். என் தம்பி உட்பட.

அவனுடைய பிரிட்ஜிங் விசா அடுத்த மாதம் முடிகிறது. புதுப்பிக்க மனுப் போய்விட்டது. ரசீது எண் நாட்காட்டியில் இருக்கிறது. கட்டில் வாங்கிவிட்டான். அம்மாவுக்குப் பீரோ வாங்க அவன் அனுப்பிய பணத்தில், வரும் வியாழக்கிழமை செவ்வாய்ப்பேட்டைக்குப் போகிறோம். இரட்டைக் கதவு வேண்டுமாம், கண்ணாடி வைத்ததாம்.